ஒரு சொம்பு நல்ல தண்ணீர்

"நான் ஒரு தப்பும் பண்ணலை," என்றார் நெல்லையப்பன்.

சொல்லிவிட்டுப் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். திறக்கவில்லை.

ஜெசிந்தா திறந்தாள்.

ஈரத் துணியில் சுற்றிய கோமாளி மீன் ஒன்று. விரல் நீளம்கூட இல்லை. ஆரஞ்சு நிறம் வெளுத்துப்போயிருந்தது. வெள்ளைப் பட்டைகள் மட்டும் அப்படியே இருந்தன.

"மத்தது?"

"இருக்கு. மூலையில போய் நிக்குது. தீனி எடுக்கல."

அவள் டப்பாவை மூடினாள்.

தூத்துக்குடியில், மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஐஸ் கம்பெனியை ஒட்டிய ஒற்றை அறை அது. சுவர் முழுக்கக் கண்ணாடித் தொட்டிகள். மோட்டார்கள் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஜெசிந்தாவுக்கு நாற்பது வயது இருக்கலாம். அவருக்கு அறுபத்தொன்று. முப்பத்து மூன்று வருடம் வேதியியல் நடத்தி ஓய்வுபெற்றவர். மூன்று மாதமாக அவளிடம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

எல்லாம் பகவதி சொன்ன ஒரு வார்த்தையால் வந்தது. அவர் மனைவி. குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலும் நாற்காலியும்தான். "கடலப் பாத்து எவ்வளவு நாளாச்சு," என்றாள் ஒரு மத்தியானம். கேட்கவில்லை. சும்மா சொன்னாள். கடல் இரண்டு கிலோமீட்டரில் இருந்தது.

மறுநாள் அவர் இந்தக் கடைக்கு வந்தார்.

"குறைஞ்ச செலவுல முடியுமாம்மா?"

"முடியும் சார்."

இணையத்தில் பார்த்து எழுதிய பட்டியலை நீட்டினார். அவள் பேனாவை எடுத்துப் பாதிக்குமேல் அடித்தாள். தன் வியாபாரத்தைத் தானே அடிக்கிற கடைக்காரியை அவர் அன்றுதான் பார்த்தார்.

"பழைய தொட்டி போதும். ஒழுகாம இருந்தாச் சரி. விளக்கு சின்னது போதும். பவளப் பாறை கேக்காதீங்க, எடுத்தா ஜெயிலு. பீங்கான் வளையம் போடுங்க. கடல் தண்ணி நம்ம ஊர்ல சும்மாதான. கரைத் தண்ணி வேண்டாம், படகுக்காரங்ககிட்டச் சொல்லி உள்ளேர்ந்து எடுங்க."

"அப்புறம்?"

"ஒரு மாசம் மீன் விடாதீங்க."

"வெறும் தண்ணியையா பார்த்துக்கிட்டு இருக்கணும்?"

"ஆமா."

"ஓ. நைட்ரஜன் சுழற்சி. கழிவைத் தின்னுற கிருமி முதல்ல வளரணும்," என்றார், தன் வீட்டுப் பொருளை அடையாளம் காட்டுகிறவர்போல.

"அதுதான் சார். அப்புறம், தண்ணி வத்திச்சுன்னா..."

"தெரியும்மா. நான் கெமிஸ்ட்ரி வாத்தியார்."

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை.

ஒரு மாதம் பகவதி வெறும் தொட்டியைப் பார்த்தாள். பிறகு இரண்டு மீன்கள் வந்தன. "இதுக்குப் பேரு கோமாளி மீன்," என்றார். "வீட்டுல ஏற்கெனவே ஒண்ணு இருக்கே," என்றாள். அன்று ரொம்ப நாள் கழித்துச் சிரித்தாள்.

இப்போது டப்பா மேசைமேல் இருந்தது.

"தண்ணி வத்துதா சார்?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"பின்னே? இந்த வெயிலுக்கு. சூடாகக் கூடாதுன்னு, மீன் விட்டதுலேர்ந்து இருபத்திரண்டு நாளா ஃபேன் வேற ஓடுது. தினமும் ஒரு லிட்டராவது போகுது."

"போனதுக்கு என்ன ஊத்துதீங்க?"

"கடல் தண்ணிதான். சுத்தமானது. படகுல போய் எடுக்கிற தண்ணி. ஒருநாள் தவறினது இல்ல."

அவள் அகலமான ஒரு தகரத் தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். வெயிலில் கொதித்துக் கிடந்த சிமெண்டுத் தரையில் வைத்தாள். ஒரு கரண்டி கடல் தண்ணீரை அதில் ஊற்றினாள்.

"உக்காருங்க சார்."

"மீன் பத்திக் கேட்டேன்."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். ஒருவர் வந்து தங்கமீனுக்குத் தீனி வாங்கிப் போனார். தட்டு காய்ந்தது. அவள் எழுந்து இன்னொரு கரண்டி ஊற்றினாள். மறுபடி காய்ந்தது. மறுபடி ஊற்றினாள்.

மூன்றாவது முறை காய்ந்தபோது தட்டின் விளிம்பில் வெள்ளையாக ஒரு வளையம் தெரிந்தது.

நெல்லையப்பன் எழுந்தார்.

"போதும்."

அவள் நாலாவது கரண்டியையும் ஊற்றினாள்.

"போதும்னு சொன்னேனே."

"நீங்க இருபத்திரண்டு நாள் ஊத்தியிருக்கீங்க சார். நான் நாலுதான் ஊத்தியிருக்கேன்."

போனது தண்ணீர் மட்டும். உப்பு போகவில்லை. போன தண்ணீருக்குப் பதிலாக அவர் தினமும் தண்ணீரோடு உப்பையும் ஊற்றியிருக்கிறார். அந்த இரண்டு மீன்களும் அதைக் குடித்துக்கொண்டு, மூச்சில் வாங்கிக்கொண்டு, பகவதி முன்னால் நீந்தியிருக்கின்றன.

"வீட்டுக்குள்ளேயே உப்பளம் போட்டிருக்கீங்க," என்றாள்.

முப்பத்து மூன்று வருடம் பேருந்து சன்னலில் உப்பளங்களைப் பார்த்தபடி பள்ளிக்குப் போய்வந்தவர் அவர். பாத்தியில் கடல் தண்ணீர் பாய்ச்சுவார்கள். வற்றும். திரும்பப் பாய்ச்சுவார்கள். அம்பாரமாக உப்பு குவிந்து கிடக்கும். தூத்துக்குடியில் பிறந்த குழந்தைக்குத் தெரியும்.

காது மடல் சுட்டது. வெயிலால் இல்லை.

"இது எட்டாம் வகுப்புப் பாடம்," என்றார் மெதுவாக.

"ஆமா சார்."

"நானே நடத்தியிருக்கேன். பீங்கான் கிண்ணத்துல உப்புத் தண்ணி. கீழே ஸ்பிரிட் விளக்கு."

"ஆமா சார். கிண்ணத்துல ஒரு கீறல் இருந்துச்சு. கரண்டியால தட்டிக் காட்டுனீங்க."

அவர் அவளைப் பார்த்தார்.

"நீ நம்ம ஸ்கூலா?"

"ஆமா."

"என் கிளாஸா?"

"எட்டாம் கிளாஸ். பி பிரிவு."

"சொல்லவே இல்லையே! மூணு மாசமா வந்துக்கிட்டு இருக்கேன்." அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. தான் நடத்திய பாடம் ஒருத்திக்கு மறக்காமல் இருக்கிறது. "கீறல் வரைக்கும் ஞாபகம் வச்சிருக்கியே. முதல் பெஞ்சா?"

"இல்ல சார். சன்னல் வழியாப் பாத்தேன்."

"சன்னலா?"

அவள் ஒரு தொட்டியில் வலையை விட்டு எதையோ துழாவிக்கொண்டிருந்தாள். திரும்பவில்லை.

"காலையில அம்மாகூட ஏலக் கூடத்துக்குப் போயிட்டு அப்படியே ஸ்கூலுக்கு வருவேன். மீன் வாடை அடிக்குதுன்னு வெளிய நிக்கச் சொன்னீங்க."

மீனின் விலையைச் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

அவர் எதையோ பிடித்துக்கொள்ளத் தேடினார். "ஒருநாள்... ஏதோ ஒருநாள் கோபத்துல..."

"ஒருநாள்தான் சார் சொன்னீங்க."

"அதான்."

"உள்ள வரச் சொல்லலயே."

மோட்டார்கள் முணுமுணுத்தன.

"அந்த வருசம் முழுக்க உங்க பீரியடுல வெளியதான் நின்னேன். பிள்ளைங்க போ போன்னாங்க. நீங்க சொல்லாம எப்படி வர? அதுவும் நல்லதுதான், சன்னல் பக்கம் காத்து வரும்."

அவளுடைய அன்றைய முகத்தை அவர் தேடினார். கிடைக்கவில்லை. இரட்டைச் சடை, நீலப் பாவாடை, எல்லாப் பிள்ளைகளுக்கும் இருந்தவைதான். சன்னல் மட்டும் ஞாபகம் வந்தது. கம்பி வலை அடித்த சன்னல். சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்து, உள்ளே வெளிச்சம் விழவில்லை என்று, அந்தப் பக்கம் பார்க்காமலேயே சொன்னதும் ஞாபகம் வந்தது.

யாரது, நகரு, மறைக்குது.

"ஏம்மா ஜெசிந்தா..."

"மொதல்ல அந்த மீனப் பாப்போம் சார். அது இன்னும் சாகல."

அவர் வேகமாகத் தலையாட்டினார். "இப்பவே போய் மொத்தத் தண்ணியையும் மாத்திடுறேன். ஒரே மணி நேரம். எல்லாத்தையும் இறைச்சு ஊத்திட்டு..."

"மாத்துங்க. அந்த டப்பாவக் கழுவாம வையுங்க. நாளைக்கு இன்னொண்ணையும் கொண்டுவர உதவும்."

அவர் நின்றார்.

"இருபத்திரண்டு நாளா ஏறுன உப்பு சார். ஒரு மணி நேரத்துல எறக்குனா அது உடம்பு தாங்காது." அலமாரியிலிருந்து ஒரு பித்தளைச் சொம்பை எடுத்துக் கொடுத்தாள். "காலையில ஒரு சொம்பு தொட்டித் தண்ணிய எடுங்க. ஒரு சொம்பு நல்ல தண்ணி ஊத்துங்க. குழாய்த் தண்ணி வேண்டாம், குடிக்கிற கேன் தண்ணி. ஓரமா, மெதுவா. சாயங்காலம் ஒரு சொம்பு. அவ்வளவுதான்."

"எத்தனை நாள்?"

"பத்து நாள் ஆகும்."

"அதுவரைக்கும் அது தாங்குமா?"

"தெரியாது சார்."

வீட்டுக்கு வந்தபோது பகவதி நாற்காலியில் இருந்தாள்.

"அது இன்னும் தூங்குதா?" என்று கேட்டாள்.

ஒரு மீன் பீங்கான் வளையங்களுக்குப் பின்னால் தூங்குகிறது என்று முந்தின நாள் அவர் சொல்லியிருந்தார்.

"செத்துப்போச்சு," என்றார். "நான்தான் கொன்னேன்."

"தெரியும். துணியில சுத்துனீங்களே, அலமாரிக் கண்ணாடியில தெரிஞ்சுது."

"ஏன் கேக்கல?"

"நீங்க எவ்வளவு நேரம் தூங்க வைக்கீங்கன்னு பாத்தேன்."

அவர் தொட்டியிலிருந்து ஒரு சொம்பு எடுத்தார். ஒரு சொம்பு ஊற்றினார். மேசையில் கொஞ்சம் சிந்தியது. மீன் மூலையில் அப்படியே நின்றது. செவுள் மட்டும் வேகமாக அசைந்தது.

என்ன நடந்தது என்று பகவதி கேட்டாள். உப்பைப் பற்றிச் சொன்னார். சன்னலைப் பற்றிச் சொல்லவில்லை.

"கெமிஸ்ட்ரி வாத்தியாரு," என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள்.

இரண்டாம் நாள் மீன் நகரவில்லை. மூன்றாம் நாள் போட்ட தீனி அடியில் கிடந்து ஊறியது. அவர் அதை உறிஞ்சி எடுத்தார். ஒரு சொம்பு எடுத்தார். ஒரு சொம்பு ஊற்றினார்.

ஐந்தாம் நாள் கடைக்குப் போனார். கையில் அச்சடித்த அழைப்பிதழ் இருந்தது. மீனுக்காகப் போகவில்லை.

"பழைய மாணவர்கள் எல்லாம் சேர்ந்து எனக்கு ஒரு பாராட்டு விழா வைக்கிறாங்க. இந்த ஞாயித்துக்கிழமை. நீ வரணும்."

ஜெசிந்தா அழைப்பிதழைக் கையில் வாங்கவில்லை. கை ஈரமாக இருந்தது. கழுத்தைச் சாய்த்துப் படித்தாள்.

"நல்லா அடிச்சிருக்காங்க. போட்டோவுல நீங்க இளமையா இருக்கீங்க."

"நான் முடிவு பண்ணிட்டேன். எனக்குப் போடுற பொன்னாடையை நான் போட்டுக்கப் போறதில்ல. உன்னை மேடைக்குக் கூப்பிட்டு உனக்குப் போடுவேன். நடந்ததை எல்லார் முன்னாலயும் சொல்வேன். மன்னிப்புக் கேப்பேன்."

மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தார்.

"எத்தன பேர் வருவாங்க சார்?"

"இருநூறு பேர் இருக்கும்."

"மைக் உண்டா?"

"உண்டு."

அவள் கையைத் துணியில் துடைத்தாள். நிதானமாக, விரல் விரலாக.

"அந்த வாடை இதுவரைக்கும் ஒரு கிளாஸுக்குத்தான் தெரியும் சார்," என்றாள். "இருநூறு பேருக்கும் தெரியணுமா?"

நெல்லையப்பன் அழைப்பிதழை மடித்தார். இன்னொரு முறை மடித்தார். மடிக்க இடமில்லாமல் போனபிறகும் கை மடித்துக்கொண்டிருந்தது.

"நான் அதை நினைக்கவே இல்ல."

"தெரியும்."

"அப்ப நான் என்னதான் செய்யணும்?"

"இன்னைக்குக் காலையில ஊத்தியாச்சா?"

"ஊத்தினேன்."

"சாயங்காலம்?"

"இனிமேதான்."

"அப்ப வீட்டுக்குப் போங்க. நேரமாவுது."

ஞாயிற்றுக்கிழமை விழா நடந்தது. பொன்னாடை போட்டார்கள். எங்கள் சார் யாரையும் முகம் வாடவிட்டதில்லை என்று ஒருவன் பேசினான். கைதட்டினார்கள். நெல்லையப்பன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அடக்கம் என்று நினைத்து இன்னொரு முறை கைதட்டினார்கள்.

ஏற்புரைக்கு எழுந்தவர், "வீட்டுல ஒரு மீனுக்கு உடம்பு சரியில்ல, சாயங்காலத்துக்குள்ள போகணும்," என்று சொல்லிவிட்டு இறங்கினார். சார் எப்போதும் தமாஷ்தான் என்று சிரித்தார்கள்.

அன்று சாயங்காலம் மீன் மூலையை விட்டு ஒரு சாண் வெளியே வந்தது.

ஒன்பதாம் நாள் ஒரு பொட்டுத் தீனியை வாயில் வாங்கித் துப்பியது. திரும்பப் போய் எடுத்தது. பகவதி சத்தம் போட்டு அவரைக் கூப்பிட்டாள். அடுக்களையிலிருந்து ஓடிவந்தார். இருவரும் மூச்சுவிடாமல் பார்த்தார்கள்.

"பொழைச்சுக்கிடும்," என்றாள் பகவதி.

பத்தாம் நாள் காலையில் அவர் கடைக்குப் போன் செய்தார். உப்பின் அளவு பார்க்கப் புதிதாக வாங்கிய ஹைட்ரோமீட்டர் காட்டிய எண்ணைச் சொன்னார்.

"நல்லது சார். இங்ஙன ஒரு குட்டி இருக்கு. அதுக்கு ஜோடியா விடலாம். கொண்டு வாரேன்."

"நான் வந்து வாங்கிக்கிறேன்மா."

"உங்க தொட்டிய நான் பாக்கவே இல்லயே சார்."

பதினொரு மணிக்கு வந்தாள்.

ஏலக் கூடத்திலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். சேலை ஓரம் ஈரமாக இருந்தது. கையில் ஒரு நீல வாளி. அதற்குள் காற்றடைத்த பிளாஸ்டிக் பையில் ஒரு நகத்தளவு ஆரஞ்சு. செருப்பை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு, படிக்குக் கீழே நின்றாள்.

அவர் கதவைத் திறந்துகொண்டு நிலைப்படியில் நின்றார்.

இந்தப் பத்து நாளில் அவர் அந்தப் பேச்சைச் சுருக்கியிருந்தார். மைக் இல்லை, பொன்னாடை இல்லை. நாலே வாக்கியம். அதை அவளிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும்.

"ஜெசிந்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அன்னைக்கு நான் செஞ்சது ஒரு வாத்தியார் செய்யக்கூடிய காரியம் இல்ல. வயசு காரணம்னு சொல்லமாட்டேன். கோபம்னும் சொல்லமாட்டேன்..."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வாளியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினாள்.

"ஒரு பிள்ளை ஒரு வருசம் வெளிய நின்னிருக்கு. அது எனக்குத் தெரியவே இல்ல. அதுதான்..."

உள்ளேயிருந்து பகவதியின் குரல் வந்தது.

"யாரு அது? வந்தவங்கள வாசல்லயே நிக்க வச்சுப் பேசுதீங்க!"

நெல்லையப்பன் வாயை மூடினார்.

அவர் வலது கை ஒரு பக்க நிலையில் இருந்தது. இடது தோள் மறுபக்கத்தை அடைத்திருந்தது. அவளுக்கு உள்ளே வர வழியே இல்லை.

கையை எடுத்தார். படியிறங்கி வெளியே வந்தார். ஓரமாக ஒதுங்கி நின்றார்.

"உள்ள போம்மா," என்றார். "உள்ள போ."

அவள் அவரைத் தாண்டிப் படியேறி உள்ளே போனாள். மீன் வாடை அவரைக் கடந்து வீட்டுக்குள் போனது.

அவரால் பின்னாலேயே போக முடியவில்லை. செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றார். சன்னல் திறந்திருந்தது. கொசுவலை அடித்த சன்னல்.

அதன் வழியாகப் பார்த்தார்.

ஜெசிந்தா பையைத் தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டிருந்தாள். முழங்கை வரை கையை உள்ளே விட்டு ஒரு பீங்கான் வளையத்தைச் சரிசெய்தாள். பழைய மீன் பைக்கு அருகில் வந்து நின்று, உள்ளே இருக்கிற குட்டியைப் பார்த்தது. பகவதி என்னவோ கேட்டாள். அவள் என்னவோ சொன்னாள். இருவரும் சிரித்தார்கள். தண்ணீரின் வெளிச்சம் கூரையில் ஆடியது.

அவர் இன்னும் கொஞ்சம் நெருங்கினார். வலையில் நெற்றி பட்டது. அவர் நிழல் தொட்டியின்மேல் விழுந்தது.

நகர வேண்டும் என்று தோன்றியது.

ஜெசிந்தா தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"சார்," என்றாள். "உள்ள வாங்க."